பைக்காரா மலையில் ஓர் இல்லறம்

உதகமண்டலத்திலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் பைக்காரா ஆற்றின் பாலம் வரும். முக்குருத்தி மலைப் பகுதியில் பிறக்கும் இந்த ஆறு வடக்கு நோக்கி ஓடி, அருவிகளாகக் கீழே இறங்கி, மோயாறு என்னும் பெயரைப் பெறுகிறது. 1932-ஆம் ஆண்டில் இதன் நீர்விசையைக் கொண்டு மின்னுற்பத்தி தொடங்கியது. இன்று அணையும் படகுத் துறையும் அருவியும் காண நாள்தோறும் வண்டிகள் வந்து நிற்கின்றன.

பணி ஓய்வு பெற்று, பிள்ளைகள் தொலைவில் குடியேறிவிட, இருவராய் வாழும் நம் வாசகத் தம்பதியர் பலர் மார்கழி, தை மாதங்களில் இப்படியொரு மலைப்பயணம் போய்வருவதுண்டு. படகில் ஒரு சுற்று, அருவியருகே ஒரு புகைப்படம், ஒரு கோப்பைத் தேநீர் என்று இரண்டு மணி நேரத்தில் பைக்காரா முடிந்துவிடும். ஆயினும் அந்த ஆற்றைத் தெய்வமாகவே கருதி, அதன் இரு புறத்துப் புல்வெளிகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தோடர்களின் இல்லறத்தை அறிந்துகொண்டு சென்றால், நாம் காணும் மலையே வேறாகத் தோன்றும். வீடு, கோவில், கால்நடை, குளிர்காலப் பெயர்ச்சி ஆகிய நான்கையும் ஒரே வழிபாடாகக் கோத்த வாழ்க்கை அது.

மலையுச்சியில் ஒரு தெய்வத் தம்பதி

தோடர்களின் எண்ணிக்கை இன்றும் ஏறத்தாழ இரண்டாயிரமே. அவர்களுடைய நம்பிக்கைகளை ரிவர்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் நேரில் கேட்டறிந்து, 1906-ஆம் ஆண்டில் ஒரு பெருநூலாக வெளியிட்டார். அதில் பதிவான படைப்புக் கதை கேட்கத் தக்கது.

ஓன் என்னும் தெய்வம் தன் மனைவி பினார்கூர்ஸுடன் குந்தா மலையின் உச்சிக்குச் சென்றது. அங்கே நீண்டதோர் இரும்புக் கோலை நாட்டி, அதன் ஒரு முனையில் ஓன் நின்று பூமியிலிருந்து எருமைகளை வரவழைத்தது. அவை 1,600. மறுமுனையில் நின்று மனைவி வரவழைத்தவை 1,800. கணவன் எழுப்பிய எருமைகளின் வழிவந்தவை கோவிலுக்கு உரியவையாயின; மனைவி எழுப்பியவற்றின் வழிவந்தவை குடும்பத்துக்கு உரியவையாயின. ஓன் எழுப்பிய கடைசி எருமையின் வாலைப் பற்றிக்கொண்டு மண்ணிலிருந்து வெளிவந்தவனே முதல் தோடன் என்பது அவர்கள் நம்பிக்கை.

இக்கதையில் ஒரு நுட்பம் உண்டு. தெய்வத்துக்கான பால், குடும்பத்துக்கான பால் என்று பால் இரண்டாகப் பிரிகிறது. ஆனால் இரண்டும் ஒரே தம்பதியின் கைகளிலிருந்து, ஒரே கோலின் இரு முனைகளிலிருந்து வந்தவை. எண்ணிக்கையில் மனைவியின் பங்கே மிகுதி. அம்மையையும் அப்பனையும் சேர்த்தே வணங்கிப் பழகிய நமக்கு இது அயலான எண்ணமாகத் தோன்றாது.

கோவிலைப் போன்ற வீடு

தோடர்களின் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். மந்தை என்னும் நம் சொல்லை அது உடனே நினைவூட்டும். சில வீடுகள், அருகே எருமைத் தொழுவம், சற்று விலகிக் கல்மதில் சூழ்ந்த கோவில், சுற்றிலும் புல்வெளி, ஓரத்தில் சோலை, அதிலிருந்து வரும் நீரோடை. ஒரு மந்தின் அமைப்பு இவ்வளவே.

அவர்களின் பழைய வீடு, பீப்பாயை நெடுக்காக இரண்டாய்ப் பிளந்து கவிழ்த்து வைத்தாற்போல் இருக்கும். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டி, மேலே புல் வேய்வார்கள். முன்புறச் சுவரில் ஏறத்தாழ மூன்று அடி உயரமே உள்ள சிறு வாயில். எவ்வளவு பெரியவரானாலும் குனிந்து, மண்டியிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குளிர்காற்றையும் காட்டு விலங்கையும் தடுக்க அமைந்த வாயில், வீட்டினுள் நுழைவோரை நாள்தோறும் வணங்கவும் வைத்துவிடுகிறது. அவர்களுடைய கோவில்களில் பெரும்பாலானவையும் இதே வடிவத்தில் அமைந்தவை; கூம்பு வடிவக் கோவில்கள் மிகச் சில. உள்ளே திருவுருவம் கிடையாது. பால் கறக்கும் கலங்களும், தயிர் கடையும் மத்தும், பழைய மணிகளுமே அங்கே புனிதப் பொருள்கள். பால் கறப்பதும் கடைவதுமே பூசை.

காலையில் வீட்டை விட்டு வெளியே வரும் ஆண்மகன் கையை முகத்தருகே உயர்த்திக் கதிரவனை வணங்குவான். மாலையில் விளக்கு ஏற்றியதும் விளக்கை வணங்குவார்கள். பெரியவர்களைக் கண்டால் இளையோர் முழந்தாளிட்டுத் தலை தாழ்த்த, பெரியவர் தம் பாதத்தை மெல்ல உயர்த்தி அவர்கள் நெற்றியில் படும்படி வைத்து வாழ்த்துவார். பெருமாள் கோவிலில் சடாரி சாற்றப்பெறும்போது தலைகுனிந்து நிற்கும் நமக்கு, பாதம் தலையில் படுவது பேறு என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பால் தொடர்பான பணி முழுவதும் ஆண்களுடையது. பெண்கள் கோவிலுக்குள் போவதில்லை. ஆனால் கோவிலில் கடைந்த மோரைப் பெற்றுவர, மந்துதோறும் பெண்களுக்கென்றே ஒரு தனிப் பாதை வகுத்திருந்தார்கள். அந்த மோர்ப்பாதையில் சென்று, உரிய இடத்தில் நின்று, கலத்தில் வாங்கிவருவார்கள். தெய்வத்தின் பால் மோராகி, இல்லத்தரசியின் கைவழியே வீட்டுக்கு உணவாக வந்து சேர்ந்தது.

அவளுடைய மற்றொரு கைத்திறனை இன்று உலகம் அறியும். பூத்துக்குளி என்னும் வெண்ணிறப் போர்வையில் சிவப்பு, கறுப்பு நூல்களால், இழைகளை எண்ணி எண்ணிப் போடும் பூவேலை அது. 2013-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஏழாம் மாதத்தில் ஒரு வில்

திருமண உறவைத் தோடர்கள் உறுதிசெய்யும் சடங்கு, மணநாளில் நடப்பதன்று. மனைவி கருவுற்ற ஏழாம் மாதத்தையொட்டி அது நடைபெறும். காட்டோரத்தில் ஒரு மரத்தின் அடியில் சிறு மாடம் குடைந்து, அதில் விளக்கேற்றி வைப்பார்கள். மரக்குச்சியால் செய்த வில்லையும் புல்லால் ஆன அம்பையும் கணவன் மனைவியிடம் கொடுப்பான். அவள் வில்லின் பெயரைக் கேட்பாள். அவன் தன் குலத்துக்குரிய வில்லின் பெயரைச் சொல்வான். அவள் அதை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, விளக்கை நோக்கி அமர்ந்திருப்பாள். அந்த நேரம் முதல் பிறக்கப்போகும் குழந்தைக்குத் தந்தையின் குலம் உறுதியாகிறது.

முற்காலத்தில் உடன்பிறந்தோர் பலருக்கு ஒருத்தி மனைவியாகும் வழக்கம் இவர்களிடையே இருந்தது. பாஞ்சாலியின் வரலாற்றைப் படித்த நமக்கு அது புரியாததன்று. அந்நாளில் குழந்தையின் தந்தை இவர் என்று ஊரறியச் சொன்னது இந்த வில்லே. அவ்வழக்கம் மறைந்துவிட்டது, வில் கொடுக்கும் சடங்கு மட்டும் நிலைத்திருக்கிறது. நம் வீடுகளிலும் ஏழாம் மாதத்தில் வளைகாப்பு உண்டு. அங்கே வில், இங்கே வளையல். இன்னும் முகம் காணாத ஒரு குழந்தையை வரவேற்க உறவு முழுவதும் கூடுவது இரண்டிலும் பொது.

விடுமுறை நாளும் விரதமும்

ஒவ்வொரு மந்துக்கும் வாரத்தில் ஒரு புனித நாள் இருந்தது. அன்று மந்திலிருந்து பணமோ பொருளோ வெளியே போகலாகாது. திருமணம் முதலிய சடங்குகளும் அன்று கிடையா. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் காசு கொடுக்கத் தயங்கும் நம் பாட்டிமார் இதைக் கேட்டால் புன்னகைப்பார்கள். அவர்களுக்கு விடுமுறை என்பது ஊர்சுற்றும் நாளாக இருக்கவில்லை. வீட்டோடும் தெய்வத்தோடும் தங்கியிருக்கும் நாளாக இருந்தது.

மிக உயர்ந்த நிலையில் வைக்கப்பட்ட எருமை மந்தைகளுக்கும் அவற்றின் கோவில்களுக்கும் தனிப் பூசகர் இருந்தார். அப்பணியை ஏற்றவர் இல்லறத்தை விட்டு நீங்கி, பிரம்மசரியம் காத்துத் தனித்திருக்க வேண்டும். கார்த்திகையில் மாலையணிந்து சபரிமலைக்குப் புறப்படும் கணவருக்காக வீட்டில் நோன்பு காக்கும் பெண்மணிகள், அந்தப் பிரிவும் ஒரு வழிபாடு என்பதை அறிவார்கள்.

குளிர்காலத்தில் ஒரு பெயர்ச்சி

நீலகிரியில் கார்த்திகை தொடங்கி மாசி வரையில் உறைபனிக் காலம். விடியற்காலையில் புல்வெளி உப்புப் பூத்தாற்போல் வெளுத்திருக்கும். வெயில் ஏறியதும் பனி கரைய, புல் கருகிப்போகும். எருமைகளுக்கு மேய்ச்சல் குறையும், ஓடைகள் மெலியும். எனவே டிசம்பர் முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்களில் தோடர் குடும்பங்கள், ஈரம் வற்றாத மேற்குப் புறப் புல்வெளிகளில் இருந்த தங்கள் மற்றொரு மந்துக்கு எருமைகளுடன் பெயர்ந்தார்கள். கோவில் எருமைகள் செல்லும்போது புனிதக் கலங்களும் மணிகளும் உடன் செல்லும். நம் உற்சவமூர்த்தி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எழுந்தருள்வதைப் போன்றது அந்த ஊர்வலம். மழை வந்து புல் தழைத்ததும் பழைய மந்துக்குத் திரும்புவார்கள்.

இரண்டாவது வீடு, குளிர்கால இடமாற்றம் என்பவை இக்காலத்தில் வசதி படைத்தோரின் பேச்சு. தோடர்களுக்கு இரண்டு வீடுகள் இருந்ததன் காரணம் எருமை. கணவனும் மனைவியும் கலங்களைச் சுமந்து நடந்தது, வாயில்லா உயிரின் பசி தீர்க்க. ஓய்வெடுத்தது புல்வெளி. ஓரிடத்தில் மேய்ந்து தீர்க்காமல் நிலத்துக்கு மூச்சுவிடக் காலம் கொடுத்ததால், அடுத்த ஆண்டும் அங்கே புல் இருந்தது.

மலையில் குளிர்காலம் திருவிழாக் காலமும் ஆகும். டிசம்பர் இறுதியிலோ ஜனவரி தொடக்கத்திலோ, உதகை அருகேயுள்ள முத்தநாடு மந்தில் தோடர்களின் மொற்பர்த் திருவிழா நடைபெறுகிறது. பல மந்துகளிலிருந்தும் ஆண்கள் பூத்துக்குளி போர்த்தி வந்து, கூம்பு வடிவக் கோவிலின் முன் காணிக்கை செலுத்தி வணங்கி, ஆடிப் பாடி, இளவட்டக்கல் தூக்குவார்கள். அதே பருவத்தில் படகர்கள் வெள்ளாடை உடுத்தி, பேரகணி முதலிய ஊர்களில் ஹெத்தையம்மனை வழிபடுகிறார்கள். கோத்தர்கள் அய்யனோர், அம்மனோர் என்னும் தெய்வத் தம்பதிக்கு விழா எடுக்கிறார்கள். மாடம்தோறும் மார்கழி விளக்கு நம் ஊரில் எரியும் அதே நாள்களில், மலையிலும் வழிபாடு நடந்துகொண்டிருக்கிறது.

கோவில் வேயப் புல் வேண்டும்

இன்று தோடர்களில் பெரும்பாலோர் செங்கல், சிமெண்டு வீடுகளில் வாழ்கின்றனர். முதியோர் நிமிர்ந்து நுழையலாம், மழைக்கு ஒழுகாது. புதிய வீட்டில் குடியேறுவது எவர்க்கும் மகிழ்ச்சியே. பழைய குடிசை வீடுகள் சிலவே எஞ்சியுள்ளன. கோவிலை மட்டும் அவர்கள் இன்னும் பழைய முறைப்படியே வேய்கிறார்கள். அதற்குச் சதுப்பு நிலத்தில் வளரும் ஒருவகைப் புல் வேண்டும். கூரை நைந்ததும் ஆண்கள் கூடிப் புல் அறுத்துவந்து, மூங்கிலும் பிரம்பும் சேகரித்து, கோவிலைப் புதுப்பிப்பார்கள். நம் கோவில் திருப்பணியும் குடமுழுக்கும் போல அது ஊர் முழுவதற்குமான கடமை.

அந்தப் புல்லுக்குத்தான் இப்போது தட்டுப்பாடு. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து புல்வெளிகளில் கற்பூர மரமும் சீகை மரமும் நடப்பட்டன. தேயிலைத் தோட்டங்கள் பரவின. நீர்த்தேக்கங்கள் எழுந்தன, சதுப்புகள் காய்கறி வயல்களாயின. எருமைகளும் குறைந்துவிட்டன. பச்சைப் பசேலென்று மரம் நிறைந்த மலையைக் கண்டு நாம் மகிழ்கிறோம். அந்தப் பசுமையில் ஒரு பகுதி, ஒரு கோவிலின் கூரைப்புல் இருந்த இடத்தில் வளர்ந்திருக்கிறது.

தோடர் நம்பிக்கைப்படி இறந்தோரின் ஆன்மா மேற்கு நோக்கிப் பயணப்பட்டு, 2,554 மீட்டர் உயரமுள்ள முக்குருத்திச் சிகரத்திலிருந்து மறுவுலகுக்குச் செல்கிறது. எருமைகளின் ஆன்மாவும் அவ்வழியே செல்லும். அந்த உலகை ஆள்பவர், மனைவியுடன் எருமைகளை எழுப்பிய அதே ஓன் தெய்வம். வாழ்நாளெல்லாம் வளர்த்த உயிர் இறுதிப் பயணத்திலும் உடன் வரும் என்பது எத்தகைய ஆறுதல்!

செல்லும் அன்பர்களுக்கு

பைக்காரா செல்ல விரும்பும் முதிய அன்பர்கள் உதகையிலிருந்து காலைப் பனி விலகியபின் புறப்பட்டு, பொழுது சாயுமுன் திரும்புவது நலம். காதையும் மார்பையும் மூடும் கம்பளி உடை அவசியம். மூச்சுத் தொல்லை, இதய நோய் உள்ளோர் மருத்துவரைக் கேட்டுச் செல்லவும். நீலகிரிக்குள் வண்டியில் செல்ல, 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் விதிமுறையைப் புறப்படுமுன் கேட்டறிந்துகொள்ளவும். நெகிழிப் புட்டிகளையும் பைகளையும் கொண்டுசெல்ல வேண்டாம்.

மந்து ஒன்றைக் காண நேர்ந்தால் அங்குள்ளோரிடம் அனுமதி கேட்டு, கோவிலின் கல்மதிலுக்கு வெளியிலேயே நின்று வணங்குங்கள். வீடுகளையும் மனிதரையும் கேளாமல் படமெடுக்காதீர்கள். பூத்துக்குளி வாங்குவதாயின் பூவேலை செய்த பெண்ணின் கையிலிருந்தே, பேரம் பேசாமல் வாங்குங்கள்.

பைக்காரா ஆற்றைக் கடக்கும்போது, போர்வைக்குள் இருக்கும் வலக்கையை வெளியே எடுத்துக்கொள்வது தோடர்களின் பழைய மரபு. தெய்வத்தின் முன் போர்த்திக்கொண்டு போகலாகாது என்னும் மரியாதை அது. சந்நிதியில் மேலாடையை இடுப்பில் கட்டிக்கொள்ளும் நமக்கு அந்தப் பணிவு பழக்கமானதே. அடுத்த குளிர்காலத்தில் தம்பதியராய் அந்தப் பாலத்தின்மேல் செல்கையில், சால்வையிலிருந்து கையை வெளியே எடுத்து ஆற்றை நோக்கி இருவரும் ஒருமுறை கும்பிடுங்கள்.