சிறுநீர்ப்பைப் புற்று நோய்க்குக் காச நோய்த் தடுப்பு மருந்து!

குழந்தை பிறந்ததும் இடது தோளில் ஓர் ஊசி போடுகிறார்கள். காச நோயைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசி அது. அதே பி.சி.ஜி., சிறுநீர்ப்பையில் வரும் புற்று நோய்க்கும் மருந்தாகிறது!

பிரெஞ்சுக்காரர் கண்ட மருந்து

கால்மெட், கெரேன் என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள், மாட்டுக்குக் காச நோய் உண்டாக்கும் கிருமியை 1908-ம் ஆண்டு முதல் 13 ஆண்டுகள், 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்தார்கள். கிருமியின் கொடுமை அடங்கியது. 1921-ல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். 1976-ல் கனடா நாட்டு டாக்டர் மொராலெஸ், அதைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பலன் கண்டதாக அறிவித்தார்.

வலி இல்லாத ரத்தம்

இந்த நோயின் முதல் அறிகுறி சிறுநீரில் ரத்தம். பெரும்பாலும் வலி இராது. இரண்டொரு நாளில் நின்றும் விடும். "உடம்புச் சூடு" என்று இளநீர் குடித்துவிட்டுச் சும்மா இருப்பவர்கள் உண்டு. அதுதான் ஆபத்து! பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம்.

சுரண்டினால் போதுமா?

டாக்டர்கள் சிறுநீர் வரும் வழியாகவே கருவியைச் செலுத்தி, கட்டியைச் சுரண்டி எடுத்துச் சோதிக்கிறார்கள். நோய் பையின் உள் தோலோடு நின்று, தசைக்குள் இறங்காமல் இருந்தால் அது ஆரம்ப நிலை. ஆனால் ஆரம்ப நிலையிலும் முரட்டு ரகம் உண்டு. அது மறுபடி முளைக்கும்; ஆழமாகவும் இறங்கும். ஆகவே, சில வாரங்களில் மறுபடி சுரண்டிப் பார்ப்பது வழக்கம்.

இரண்டு வழிகள்

முதல் வழி பி.சி.ஜி. வாரம் ஒரு முறையாக 6 வாரம், மெல்லிய குழாய் வழியே மருந்தைப் பைக்குள் விடுவார்கள். சுமார் 2 மணி நேரம் அடக்கி வைக்க வேண்டும். கிருமியைக் கண்டதும் உடம்பின் காவல் படை திரண்டு வந்து, புற்றையும் சேர்த்துத் தாக்குகிறது! பிறகு 1 முதல் 3 ஆண்டுகள் வரை இடைவெளி விட்டு மருந்து தொடரும். எரிச்சல், லேசான காய்ச்சல் வரலாம். காய்ச்சல் கடுமையானால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

மற்றொரு வழி, பையையே எடுத்து விடுவது. குடலின் ஒரு பகுதியைக் கொண்டு சிறுநீருக்குப் புது வழி செய்வார்கள். பெரிய ஆபரேஷன்தான். ஆனால், நோய் மிக முரடாக இருந்தாலும், பி.சி.ஜி.க்கு அடங்காவிட்டாலும் உயிரைக் காப்பது இதுவே. ஆபரேஷன் தாங்காதவர்களுக்கு வேறு மருந்துகளைப் பைக்குள் விடுவதும் உண்டு.

எங்கே போவது?

பிரெஞ்சு ஆட்சியில், 1823-ல் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழி வந்தது கோரிமேட்டில் உள்ள ஜிப்மர். அங்கே சிறுநீர் நோய்ப் பிரிவும் புற்று நோய்ப் பிரிவும் இருக்கின்றன.

"பை இருக்கட்டுமா, எடுக்கலாமா?" என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து டாக்டரிடம் கேட்டுத் தெளிய வேண்டும். பையை வைத்துக்கொண்டவர்கள், முதல் 2 ஆண்டுகள் 3 மாதத்துக்கு ஒரு முறை கருவி விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். ரத்தம் நின்றதும் சிகிச்சையைப் பாதியில் விட்டால், நோய் விடாது!