நெற்கதிரின் கிளைகளும் விளைவும்

நெல்லின் பூக்கொத்தைக் கமக்காரர் கதிர் என்பர். தாவரவியலிலோ, காம்பற்ற பூக்கள் நடுத்தண்டில் நேரே ஒட்டியிருக்கும் பூந்துணருக்கே அப்பெயர் வழங்கும். நாயுருவியின் பூந்துணர் அத்தகையது. நெல்லில் நடுத்தண்டு முதற் கிளைகளாகவும், அவை இரண்டாங் கிளைகளாகவும் பிரிகின்றன. பூக்கள் அக்கிளைகளிலுள்ள சிறு காம்புகளின் நுனியில் அமைகின்றன. இவ்வாறு கிளைத்த பூந்துணர் கூட்டுப்பூந்துணர் எனப்படும். ஆங்கில நூல்கள் இதனைப் பனிக்கிள் என்னும். மாமரத்தின் பூங்கொத்தும் இவ்வகையினதே.

இவ்வேறுபாடு பெயரளவில் நிற்பதன்று. கிளைகள் பெருகினாற் பூக்கள் பெருகும். ஒரு பூவிலிருந்து ஒரு நெல்மணியே உண்டாகும்.

கிளைகள் உருவாகுங் காலம்

கதிர் வெளிவருவதற்குச் சுமார் 30 நாட்களுக்கு முன்னரே அது தண்டினுள் உருவாகத் தொடங்கிவிடுகிறது. கிளைகளின் தொகை அப்பருவத்திலேயே அமைந்துவிடும். கதிரைக் கண்டபின் இடும் பசளை ஒரு கிளையையேனும் கூட்டமாட்டாது.

மூன்றரை மாத நெல்லினங்களில், விதைத்து ஏறக்குறைய 6 வாரங்களில் இப்பருவம் வரும். இதனை அறிவதற்குத் தாய்ச்செடியின் தண்டொன்றை நீளவாட்டிற் பிளந்து பார்க்க வேண்டும். மேற்கணுவுக்குச் சற்று மேலே 1 முதல் 2 மில்லிமீற்றர் நீளமான, வெண்பஞ்சு போன்ற முனை காணப்படின் கதிர் உருவாகத் தொடங்கிவிட்டது எனக் கொள்ளலாம்.

செய்ய வேண்டியவை

களைகளை முன்னரே அகற்றி, சிபாரிசு செய்யப்பட்ட அளவு யூரியாவை இப்பருவத்தில் மேற்பசளையாக இடுக. அளவை மீறுதல் ஆகாது. மிகையான நைதரசன் எரிபந்த நோய்க்கு இடமளிக்கும். இப்பருவந் தொடக்கம் பூத்து முடியும்வரை வயலில் நீர் வற்றவிடலாகாது. பூக்கள் முற்பகலில் விரிவதால் அவ்வேளையில் மருந்து தெளித்தலைத் தவிர்க்க.

பதர் கூறும் செய்தி

கதிரின் நுனிக் கிளைகளே முதலிற் பூத்து முற்றுகின்றன. அடிப்பாகத்து இரண்டாங் கிளைகளின் மணிகள் பிந்தி முற்றுவன. ஆதலால், நீரோ ஊட்டமோ குறையின் முதலிற் பதராவன அவையே.

அறுவடையின்போது சில கதிர்களை ஆராய்ந்து பார்க்க. கிளைகள் குறைந்து கதிரே சிறுத்திருப்பின், அது உருவாகிய காலத்திற் பயிர் வாடியிருத்தல் கூடும். கிளைகள் நிறைந்திருந்தும் அடிமணிகள் பதராயின், குறை பின்னர் நேர்ந்ததாகும். இதனைக் குறித்து வைத்துக்கொள்ளும் கமக்காரர், அடுத்த போகத்தில் எப்பருவத்திற் கூடிய கவனஞ் செலுத்த வேண்டும் என்பதைத் தாமே அறிந்துகொள்வர்.