கேழ்வரகின் தோலை எறியாதீர்கள்

கேரளத்தில் 20 வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டென, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வறிக்கை கூறுகிறது. மீனாட்சிபுரம் போன்ற எல்லையூர்களில் முதிய பெற்றோரை விட்டுவந்த நமக்கு இது கவலைக்குரிய செய்தியன்றோ?

கேழ்வரகின் தோலில் பாலிபீனால்கள் மிகுந்துள்ளன. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளை இவை தடுப்பதை மைசூர் ஆய்வாளர்கள் 2009இல் ஆய்வுக்கூடத்தில் கண்டனர். ஆகவே, மாவைச் சலித்துத் தோலை எறிய வேண்டாம். நெல்லிக்காயும் நாவற்பழமும் இவ்வகையினவே.

ஆயினும் கேழ்வரகிலும் மாவுச்சத்து உண்டு. அளவோடு உண்பதே நலம். இது உணவேயன்றி மருந்தன்று. முதியோர் மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. மாத்திரை உட்கொண்டு உண்ணாதிருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் நேரிடலாம். உபவாசத்திற்கு முன் மருத்துவரைக் கேட்கும்படி இன்றே பெற்றோரிடம் சொல்லுங்கள்.