மீட்டர் ஓடுது, பார்த்துக் கேளுங்க!



பல்பைப் போட்டால் கரண்டு மீட்டர் ஓடும், அணைத்தால் நிற்கும். கம்ப்யூட்டர் உலகத்திலும் இப்படி ஒரு மீட்டர் இருப்பது உங்களுக்குத் தெரியுமா?

பெயர், மார்க், விலை போன்ற விவரங்களை அடுக்கி வைக்கும் இடம்தான் தரவுத்தளம், அதாவது டேட்டாபேஸ். இதற்குச் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்காமல், வேறு கம்பெனியின் கம்ப்யூட்டரை இணையம் வழியாகப் பயன்படுத்தலாம். அமேசான் கம்பெனி 2012-ல் கொண்டுவந்த டைனமோடிபி அப்படிப்பட்டது. பயன்படுத்திய அளவுக்கு மட்டும் காசு என்ற முறை அதில் 2018-ல் வந்தது.

இதில் 1 கேபி எழுதினால் ஓர் அலகு. 4 கேபி வரை படித்தால் ஓர் அலகு. அமெரிக்காவின் வர்ஜீனியா மையத்தில் 10 லட்சம் அலகு படிக்க 12.5 சென்ட், எழுத 62.5 சென்ட். 2024 நவம்பரில் விலையைப் பாதியாகக் குறைத்த பிறகு வந்த கணக்கு இது. முதல் 25 ஜிபி சேமிப்புக்குக் காசு இல்லை.

அடேயப்பா, இவ்வளவு மலிவா என்று நினைக்காதீங்க. விஷயம் நாம் கேட்கிற விதத்தில் இருக்கிறது. நான் ஒரு நூலகத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2 லட்சம் புத்தகம், ஒவ்வொன்றின் விவரமும் 1 கேபி. புத்தக எண்ணைச் சொல்லிக் கேட்டால் ஓர் அலகுதான். எண் சொல்லாமல் மொத்தத்தையும் புரட்டித் தேடச் சொன்னால் 50,000 அலகு! அதே 12.5 சென்டுக்கு எண் சொன்னால் 10 லட்சம் தடவை கேட்கலாம். புரட்டினால் 20 தடவைதான்.

யாருக்கு இது உதவும்? பரீட்சை ரிசல்ட் மாதிரி ஒருநாள் கூட்டம், மற்ற நாள் காலி என்றால் ரொம்ப லாபம். வருஷம் முழுக்கச் சும்மா நிற்கும் பெரிய மிஷினுக்குக் காசு கொடுக்க வேண்டாம். தினமும் ஒரே அளவு வேலை என்றால், இவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வாங்கும் முறைதான் மலிவு.

ஒன்று மறக்காதீங்க. புரோகிராமில் தவறு இருந்து அது ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாலும் மீட்டர் ஓடும். அதனால் முதலிலேயே உச்ச வரம்பு வைத்துவிட வேண்டும். ஆளில்லாத அறையில் ஃபேனை நிறுத்துகிற மாதிரிதான் இதுவும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: அந்த 2 லட்சம் புத்தகத்தையும் முதன்முதலில் எழுதிவைக்க எத்தனை சென்ட்? நோட்டில் போட்டுப் பாருங்க. விடை உங்களை யோசிக்க வைக்கும்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி