அடுத்த துளியின் விலை

ஜோகூர் மாநில அரசுடன் 1962-ஆம் ஆண்டு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை நீர் எடுத்துக்கொள்ளும் உரிமை சிங்கப்பூருக்கு உண்டு. சுத்திகரிக்கப்படாத அந்த நீருக்கு ஆயிரம் கேலனுக்கு மூன்று மலேசிய சென் வீதம் அது விலை கொடுக்கிறது. ஆயிரம் கேலன் என்பது ஏறத்தாழ நாலரைக் கன மீட்டர், ஒரு கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர் என்பதால், ஆயிரம் லிட்டர் ஆற்றுநீரின் கொள்முதல் விலை ஒரு சென் அளவைக்கூட எட்டுவதில்லை. அதே நாட்டில் ஒரு குடும்பம் வீட்டுக் குழாயில் பிடிக்கும் ஆயிரம் லிட்டருக்கு 2025 ஏப்ரல் முதல் 3.24 வெள்ளி செலுத்துகிறது (சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர் வெள்ளி என்றே வழங்குவர்). இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவைச் சுத்திகரிப்புச் செலவும் குழாய்ச் செலவும் மட்டுமே நிரப்பிவிடவில்லை. பல இடங்களிலிருந்து பல விலைகளில் வந்து ஒரே குழாயில் கலக்கும் நீருக்கு, எந்த நீரின் செலவை அளவுகோலாகக் கொள்வது என்ற கேள்விக்கு அந்நாட்டு அரசு கண்ட விடையும் அதில் அடங்கியிருக்கிறது.

கட்டணப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் இது தெளிவாகும். 3.24 வெள்ளி என்பது மூன்று இனங்களின் கூட்டுத்தொகை. முதலாவது, நீரைச் சேகரித்துச் சுத்திகரித்து வீடுவரை கொண்டுவருவதற்கான நீர்க் கட்டணம், 1.43 வெள்ளி. இரண்டாவது, அக்கட்டணத்தின் மேல் 50 விழுக்காடாக விதிக்கப்படும் நீர்ச் சேமிப்பு வரி, 72 காசு. மூன்றாவது, பயன்படுத்திய நீரை வீட்டிலிருந்து எடுத்துச் சென்று தூய்மைப்படுத்துவதற்கான கழிவுநீர்க் கட்டணம், 1.09 வெள்ளி. ஒரு மாதத்தில் ஒரு வீட்டின் பயன்பாடு 40 கன மீட்டரைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மூன்று இனங்களும் உயர்ந்து, மொத்தம் 4.39 வெள்ளியாகிறது. பொருள், சேவை வரி இவற்றில் சேராது. சிங்கப்பூரில் ஒருவர் வீட்டில் நாளொன்றுக்குச் செலவிடும் நீர் 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 141 லிட்டர் என்பதால், நால்வர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் ஏறத்தாழ 17 கன மீட்டர் ஆகிறது. அதற்கு அக்குடும்பம் கட்டவேண்டிய 55 வெள்ளியில் பன்னிரண்டு வெள்ளிக்குச் சற்றே மிகுதியான தொகை, சிக்கனத்தை வலியுறுத்தும் பொருட்டே விதிக்கப்பட்ட வரியாகும்.

கழிவுநீருக்கான கட்டணம் 2017-க்கு முன் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு பகுதி நீரின் அளவைப் பொறுத்தது. மற்றொன்று, வீட்டிலுள்ள கழிவறைச் சாதனங்களை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் மாதம் ஏறத்தாழ 2.80 வெள்ளி வீதம் வாங்கப்பட்டது. எத்தனை முறை நீர் ஊற்றினாலும் மாறாத அந்த இரண்டாவது பகுதி, சிக்கனத்தை விலையாலேயே கற்பிக்க முனைந்த ஒரு நாட்டுக்குச் சற்றும் பொருந்தாத எச்சமாக நெடுநாள் நீடித்து, 2017-இல்தான் அளவுக் கட்டணத்தோடு இணைக்கப்பட்டது.

நீர்ச் சேமிப்பு வரி 1991-இல் அறிமுகமானபோது, மிகுதியாகச் செலவிடும் வீடுகளை மட்டுமே தொட்டது. 1997 முதல் 2000 வரை நான்கு தவணைகளில் கட்டண அமைப்பே மாற்றப்பட்டபோதுதான், அவ்வரி முதல் துளியிலிருந்தே கணக்கிடப்படலாயிற்று. அதுவரை முதல் 20 கன மீட்டருக்கு 56 காசாக இருந்த நீர்க் கட்டணம், 2000-ஆம் ஆண்டில் 1.17 வெள்ளியைத் தொட்டது. இம்மாற்றத்தின் அடியில் இருந்தது, பொருளியலார் நீண்டகால இறுதிநிலைச் செலவு என்று குறிப்பிடும் கருத்தாகும். கையிலிருக்கும் மலிவான நீரின் சராசரிச் செலவை விடுத்து, தேவை இன்னும் ஒரு கன மீட்டர் கூடினால் அதைப் புதிதாக உண்டாக்க எவ்வளவு செலவாகுமோ, அதையே எல்லா நீருக்கும் விலையாகக் கொள்வது அது. அந்த அடுத்த துளி சிங்கப்பூரில் ஆற்றிலிருந்து வரப்போவதில்லை. தூய்மைப்படுத்திய கழிவுநீரை மீண்டும் நுண்சவ்வுகளில் வடித்து எடுக்கும் புதுநீராகவோ, உப்பு நீக்கிய கடல்நீராகவோதான் அது வரமுடியும்.

கடல்நீரிலிருந்து உப்பை நீக்க ஒரு கன மீட்டருக்கு மூன்றரை யூனிட் அளவில் மின்சாரம் தேவைப்படுகிறது. எனவே அடுத்த துளியின் விலை என்பது பெருமளவு மின்சாரத்தின் விலையே. ஹைஃபிளக்ஸ் நிறுவனம் துவாஸில் அமைத்து 2013-இல் திறக்கப்பட்ட துவாஸ்பிரிங் ஆலை இதை எவரும் மறக்க முடியாதபடி காட்டியது. நாட்டின் முதல் உப்புநீக்கு ஆலை 2005-இல் ஒரு கன மீட்டரை 78 காசுக்குத் தர, துவாஸ்பிரிங் முதலாண்டு விலையாக வெறும் 45 காசு கேட்டு ஒப்பந்தத்தைப் பெற்றது. ஆலையோடு சேர்த்துக் கட்டிய மின்நிலையத்தின் உபரி மின்சாரத்தை விற்று ஈடுகட்டலாம் என்பது அதன் கணக்கு. மின்சந்தையில் விலை சரிந்து கணக்குத் தவறவே, 2018-இல் அந்நிறுவனம் கடன் சீரமைப்புக்காக நீதிமன்றத்தை நாடியது. 2019 மே மாதம், நாட்டின் நீர் வழங்கலைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் (பியுபி) அந்த உப்புநீக்கு ஆலையை விலை ஏதும் கொடாமல் தன்வசம் எடுத்துக்கொண்டது. நீர் மலிந்துவிட்டதென்று அந்த 45 காசை நம்பி வீட்டுக் கட்டணத்தைக் குறைக்காமல் விட்டது நல்லதாயிற்று என்றே சொல்லவேண்டும்.

2000-க்குப் பின் பதினேழு ஆண்டுகள் கட்டணம் அசையவில்லை. அதற்குள் கழகத்தின் ஆண்டு நடைமுறைச் செலவு 50 கோடி வெள்ளியிலிருந்து 2015-இல் 130 கோடியாக வளர்ந்துவிட்டது. 2017 வரவு செலவுத் திட்டத்தில் 30 விழுக்காட்டு உயர்வு, இரண்டு தவணைகளில் என அறிவிக்கப்பட்டபோது, தெருப் போராட்டம் அரிதான அந்நாட்டில் ஹோங் லிம் பூங்காவில் மக்கள் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். சிறுகச் சிறுக ஏற்றியிருந்தால் உறைத்திராத ஒன்று, ஒருசேர வந்தபோது உறைத்தது.

மூன்று சென் விலையோ இன்றும் இரு நாடுகளுக்கிடையே புண்ணாகவே இருக்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகி 25 ஆண்டுகள் கழித்து விலையை மறுபரிசீலனை செய்யலாம் என்று அதில் இடமிருந்தும், 1987-இல் மலேசியா அவ்வாறு செய்யவில்லை. அந்த உரிமை இன்னும் தனக்குண்டு என்பது மலேசியாவின் வாதம், அது கைநழுவிவிட்டது என்பது சிங்கப்பூரின் வாதம். சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை ஆயிரம் கேலன் 50 சென்னுக்கு ஜோகூருக்கே திருப்பி விற்பதையும், அது சுத்திகரிப்புச் செலவுக்கும் குறைவு என்பதையும் சிங்கப்பூர் எடுத்துக்காட்டும். ஒப்பந்தம் 2061-இல் முடிகிறது. எனவே வீட்டுக் கட்டணத்தை மூன்று சென்னோடு பிணைத்திருந்தால், அந்த ஆண்டில் ஒரு தலைமுறை தான் அறிந்திராத விலையை ஒரே நாளில் சந்திக்க நேர்ந்திருக்கும்.

இத்தகைய விலை ஏழைகளைத் தாக்காதிருக்கச் செய்த ஏற்பாடு தனித்துக் குறிப்பிடத்தக்கது. குறைந்த வருவாயினருக்கென்று குறைந்த விலை கிடையாது. மாறாக வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் வாழும் தகுதியுள்ள குடும்பங்களுக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை யு-சேவ் என்னும் தள்ளுபடித் தொகை பயனீட்டுக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. வீடு சிறிதாக இருந்தால் தொகை பெரிது. எவ்வளவு நீர் செலவழித்தாலும் தொகை மாறாது என்பதால், ஓரறை வீட்டில் இருப்பவரும் ஆயிரம் லிட்டர் சேமித்தால் 3.24 வெள்ளி முழுதாக மிஞ்சும். நுட்பமான ஏற்பாடுதான், ஆனால் 40 கன மீட்டர் என்ற வரம்பு வீட்டுக்கு வகுக்கப்பட்டதே அன்றித் தலைக்கு வகுக்கப்பட்டதன்று. பத்துப் பேர் ஒரே வீட்டில் வாழ்ந்தால், ஒவ்வொருவரும் சராசரி அளவே செலவிட்டாலும், அவ்வீடு ஊதாரி வீடுகளுக்கான விலையைத் தொட்டுவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குச் சென்று, ஒரு வீட்டின் அறையை மட்டும் வாடகைக்கு எடுத்துத் தங்குவோர் பலருக்கு இப்பட்டியல் கண்ணில் படுவதே இல்லை. மின்சாரமும் எரிவாயுவும் பொதுப் பயனீட்டுக் கழகத்திடமிருந்து பிரிந்து 1995-இல் தனி நிறுவனத்துக்குச் சென்றுவிட்ட பின்னும், எல்லாவற்றுக்கும் சேர்த்து வரும் மாதப் பட்டியலை மக்கள் இன்னும் பியுபி பில் என்றே சொல்கின்றனர். அறை விளம்பரங்களிலும் வாடகை ‘பியுபி உட்பட’ என்றே குறிக்கப்படுகிறது. அதற்கும் ஓர் உச்சவரம்பு வைத்து, மேற்பட்ட தொகையை அறைவாசிகள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று எழுதிவிடும் வீட்டு உரிமையாளர்களும் உண்டு. அத்தகைய வீடுகளில் பட்டியல் வந்த மாலையில், குளியலறையில் யார் நெடுநேரம் நிற்கிறார் என்ற விசாரணையும் தொடங்கிவிடுகிறது.