டோல்கேட் டு எண்ணூர்: சென்னைக்குள் ஒரு 'பர்மா நகர்' வந்தது எப்படி?

டோல்கேட் மெட்ரோவில் இறங்கி எண்ணூர் பக்கம் போகிறவர்களிடம் ஊர்ப் பெயர் கேட்டுப் பாருங்கள். எர்ணாவூர், கத்திவாக்கம் என்று வரும் பட்டியலில் 'பர்மா நகர்' என்று ஒன்றும் வரும். பர்மாவுக்கும் வடசென்னைக்கும் என்ன சம்பந்தம்?

வெள்ளைக்காரர் ஆட்சியில் பர்மா அரிசி உலகச் சந்தைக்குப் போன காலம். வயலுக்கும் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் ஆள் தேவைப்பட்டது. மேஸ்திரி ஊருக்கு வருவார். முன்பணம் கொடுத்து, கப்பல் டிக்கெட்டும் எடுத்துத் தருவார். அந்தக் கடன் பிறகு கூலியில் கழியும். ராமநாதபுரம், தஞ்சாவூர் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். வட்டித் தொழில் செய்ய செட்டியார்களும் போனார்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன்வாசிகளில் பாதிக்கு மேல் இந்தியர்கள்!

1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். காடு, மலை வழியாக லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு நடந்தே வந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் பல்லாயிரம் பேர். ஆனாலும் போர் முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள். பிழைப்பு அங்கேதானே இருந்தது.

இரண்டாவது முறை குண்டு எதுவும் விழவில்லை. 1962-ல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகள் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. 2016 நவம்பரில் ஏ.டி.எம் வாசலில் நின்ற நமக்கு அந்தப் பதற்றம் ஓரளவு புரியும். அவர்களுக்கோ கடையும் போய், கையில் இருந்த காசும் போனது. கிளம்பும்போது நகை, பணம் எடுத்துவரவும் கடும் கட்டுப்பாடு.

இந்திய அரசு அனுப்பிய கப்பல்களில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். தமிழகத்துக்கு வந்தவர்கள் மட்டும் சுமார் 1.4 லட்சம் பேர். அரசுக் காகிதத்தில் இவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. ஆனால், பலர் பிறந்ததே பர்மாவில்தான். பார்த்தே இராத ஊருக்கு எப்படித் 'திரும்ப' முடியும்?

எண்ணூர், வியாசர்பாடி என இடம் கிடைத்தது. பிழைக்கக் கடை வேண்டுமே? 1969-ல் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் உருவானது. பக்கத்து செகண்ட் லைன் பீச்சில் இன்றும் அத்தோ கிடைக்கும். நூடுல்ஸில் கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைந்து, வாழைத்தண்டு சூப்போடு தருவார்கள். சூப்பை முதலில் குடித்துவிடாதீர்கள், அத்தோவின் காரத்துக்கு அதுதான் துணை!

எல்லோருக்கும் இங்கே மனசு ஒட்டவில்லை. சிலர் மணிப்பூர் வழியாக பர்மாவுக்கே நடந்து திரும்பப் பார்த்தார்கள். எல்லையில் தடுக்கப்பட்டு, மோரே என்ற சிற்றூரிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காளபரமேஸ்வரி கோயிலும் இருக்கிறது. 2023 கலவரத்தில் மோரேவில் தமிழர் வீடுகளும் எரிந்தன. ஒரே குடும்பத்துக்கு மூன்றாவது தலைமுறையிலும் மூட்டை கட்டும் நிலை.

இன்று டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் இந்தியும் ஒடியாவும் கேட்கிறது. பீகார், ஒடிசா இளைஞர்களில் பலரைக் கூட்டி வந்தது ஊர்க்காரரான ஒரு கான்ட்ராக்டர். அவரிடம் வாங்கிய முன்பணம் சம்பளத்தில் கழிகிறது. அன்று ராமநாதபுரத்துக்கு வந்த மேஸ்திரியும் இதே கணக்குதான் சொன்னார்.