புற்றாஞ்சோறு

புற்றைக் கண்டால் நம் மக்கள் செய்வது இரண்டில் ஒன்று. மஞ்சளும் குங்குமமும் இட்டுப் பால் ஊற்றி வணங்குவார்கள்; அல்லது கடப்பாரையும் நஞ்சும் கொண்டு அழிப்பார்கள். வணங்குவோரும் அழிப்போரும் அதனுள்ளே என்ன நடைபெறுகிறதென்று விசாரிப்பது அரிது. சங்கராபரணிக் கரையிலுள்ள வில்லியனூர், ஏரிப் பாசனத்தால் வாழும் பாகூர் ஆகிய கொம்யூன்களில், வயல்கள் ஒவ்வொன்றாக மனைக்கட்டுகளாக மாறிவரும் இந்நாளில், அந்த விசாரணை அவசியமாகிறது.

புற்றுக்குள் நடைபெறுவது விவசாயம். இது உவமையன்று, உண்மை. உலகில் அறியப்பட்டுள்ள ஏறத்தாழ 3,000 கறையான் இனங்களில் சுமார் 330 இனங்கள் பூஞ்சணத்தைப் பயிரிட்டு உண்பவை. தென்னிந்தியாவில் உயரமான புற்றுகளை எழுப்பும் 'ஓடாண்டோடெர்மிஸ்' வகையும் அவற்றைச் சேர்ந்ததே. இத்தொழில் ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்கக் காடுகளில் தொடங்கியது என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. மனிதன் ஏர் பிடித்து இன்னும் பன்னீராயிரம் ஆண்டுகள்கூட நிறையவில்லை.

அத்தொழில் நடக்கும் முறை இது. வேலைக்காரக் கறையான்கள் உலர்ந்த மரம், சருகு, புல் ஆகியவற்றைக் கொணர்கின்றன. மரத்துக்கு உறுதியளிக்கும் லிக்னின் என்னும் பொருளைத் தம் வயிற்றால் மட்டும் அவை எளிதிற் கரைக்க இயலா. ஆதலால் இளங்கறையான்கள் அவ்விரையைப் பூஞ்சண வித்துக்களோடு உண்டு, அரைகுறையாகச் செரித்த நிலையில் வெளியிட்டு, கடற்பஞ்சு போன்ற அறையறையான கட்டியாக அடுக்குகின்றன. அக்கட்டியில் பூஞ்சணம் படர்ந்து மரத்தை மென்மையாக்குகிறது. கடுகளவு வெண்மணிகளாக முகிழ்க்கிறது. அம்மணிகளும், பதப்பட்ட பழங்கட்டியும் குடியின் உணவு. கறையானுக்குச் சமைத்துத் தருவது பூஞ்சணம். பூஞ்சணத்துக்கு நிலமும் ஈரமும் காவலும் தருவது கறையான். கறையான்கள் நீங்கிய கட்டியில் சில நாட்களுக்குள் வேறொரு பூஞ்சணம் களையாகக் கிளம்பிப் பயிரை மூடிவிடும். ஆகவே ஒன்றையொன்று பிரிந்து இவை வாழமாட்டா.

இச்செய்தியை மேனாட்டார் சொல்லித்தான் நாம் அறியவேண்டுமோ? அக்கட்டிக்குத் தமிழன் இட்ட பெயரே 'புற்றாஞ்சோறு'. புற்றிலுள்ள மண்ணையும் சோற்றையும் பிரித்தறிந்த கண்ணே அப்பெயரை இட்டிருக்க முடியும். பழந்தமிழ் அதனைக் குரும்பி என்றும் வழங்கியது; புற்றை அகழ்ந்து குரும்பியை இரையாகக் கொள்ளும் ஆண் கரடியை அகநானூற்றின் 8ஆம் பாட்டு காட்டுகிறது.

மேனாட்டு நூல்களிலும் இதன் முதற் செய்தி நம் மண்ணிலிருந்தே சென்றது. தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த கோனிக் என்பார், தஞ்சைப் பகுதியின் கறையான்களைப் பற்றி 1779ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரையில் புற்றினுள் வளரும் பூஞ்சணத்தைக் குறித்தார். 1906இல் இலங்கைப் பேராதனையிலிருந்து பெட்ச் என்பார் அதனை விரிவாக ஆராய்ந்து எழுதினார். 1942இல் பிரெஞ்சு அறிஞர் ரொஜே ஹைம் இக்காளான் குலத்துக்கு 'டெர்மிட்டோமைசிஸ்' என்று பெயர் சூட்டினார். 1979இல் சென்னைப் பல்கலைக்கழகத்து நடராஜன் தென்னாட்டில் கண்ட புதிய இனமொன்றுக்கு அந்த ஹைமின் பெயரையே வைத்தார்.

மழைக்குப்பின் புற்றருகே முளைக்கும் புற்றுக்காளான் இப்பயிரின் பூவே. இடி இடித்தால் அது பூக்கும் என்பது கிராமத்தார் வழக்கு. அதன் வேர்போன்ற நீண்ட காம்பைத் தொடர்ந்து தோண்டினால் புற்றாஞ்சோற்றிலேயே கொண்டுபோய் விடும். சிப்பிக்காளானை வைக்கோலில் வளர்த்து விற்கிறோம். புற்றுக்காளானையோ உயிருள்ள புற்றன்றி வேறெங்கும் அவ்வாறு வளர்த்துப் பயன்கொள்ள இயலவில்லை. புற்றை இடித்தவன் அக்காளானையும் இழந்தான்.

இழப்பு அந்த ஒரு புற்றோடு நில்லாது. மழைக்காலத்தில் பறந்து சென்று புதுக்குடி அமைக்கும் ஈசல்கள், பெரும்பாலான இனங்களில், பூஞ்சண வித்தைத் தம்முடன் எடுத்துச் செல்வதில்லை. புதுக்குடியில் பிறக்கும் முதல் வேலைக்காரர்கள் வெளியே இரை தேடும்போதே, விரிந்த காளான்கள் உதிர்த்த வித்துக்களைச் சேர்த்துக் கொணர்கின்றன. பழைய புற்றுகளே புதியவற்றுக்கு விதைக்களஞ்சியம். புற்றுகளை அழித்துவிட்டாலும், காளான் விரியுமுன் ஒன்றுவிடாமல் பறித்துவிட்டாலும், அடுத்த தலைமுறைக்கு விதை குன்றும்.

கறையான் செய்யும் கேட்டை நாம் மறுக்கவில்லை. கரும்பின் விதைக்கரணையையும் வேர்க்கடலையையும் அது அரிக்கும். வீட்டு நிலையையும் சுவடியையும் தின்னும். பயிரிலும் வீட்டிலும் அதைத் தடுப்பது நியாயமே. ஆயினும் மட்காத எருவை வயலிலிட்டுக் கறையானை அழைப்பதும், நீரின்றிப் பயிரை வாடவிட்டு அதற்கு இரையாக்குவதும் நம் கையிலுள்ள குறைகள். நன்கு மட்கிய எருவும், காலத்தில் பாயும் நீரும், நடுமுன் கரணைக்குச் செய்யும் பாதுகாப்பும் அத்தீங்கை வெகுவாகக் குறைக்கும். பயிருக்குத் தொலைவில், தரிசிலும் தோப்பிலும் நிற்கும் புற்றில் நஞ்சூற்றுவதால் குடியானவனுக்கு வரும் லாபம் யாது? அங்கே அது பட்ட மரத்தையும் சருகையும் மண்ணுக்குத் திருப்பி, நிலத்தைத் துளைத்து மழைநீருக்கு வழியும் செய்கிறது.

ஆதலின், கோயில் தோப்பும் ஏரிக்கரையும் புறம்போக்கும் எஞ்சியுள்ள இடங்களிலாவது புற்றுகளை விட்டுவைக்க வேண்டும். காளான் பறிப்போர் சிலவற்றை விரியவிட்டு மற்றவற்றைக் கொள்க. கொம்யூன் பஞ்சாயத்தார் பொதுநிலத்தைத் திருத்தும்போது இதனைக் கருதுக. பள்ளி ஆசிரியர்கள் மாணாக்கரைப் புற்றருகே அழைத்துச் சென்று, புற்றாஞ்சோறு என்ற சொல்லையும் அதன் பொருளையும் கற்பிப்பார்களாக. இவற்றுக்குப் பணம் வேண்டா. அறிந்து நடக்கும் மனமே வேண்டும்.